மாசத்துக்கு எத்தனை தரம் மெட்ராஸ்

முதல் கட்டையைக் கங்கைகொண்டானில் அடித்தார்கள். முழங்கால் உயரம், தலையில் சிவப்புப் பெயின்ட். 1996 சித்திரை மாதம். எருமையின் நிழல்கூட எருமையை நடுரோட்டில் விட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடிப்போன வெயில் அது. அந்த வெயிலில் தொப்பி வைத்த நாலு பேர் மூன்று கால் வைத்த ஒரு கருவியை நட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெற்கே பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு நேரே பேட்டை. பேட்டையில் குமரகுருபரன் வீடு. அவர் அப்போது ஆறாவது இட்லியில் இருந்தார். தம்மை யாரோ பார்க்கிறார்கள் என்று அவருக்கு எள்ளளவும் தோன்றவில்லை.

தோன்றியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கட்டைகளை வரவழைத்தவரே அவர்தான்.

ரயில்வேயில் முப்பத்துநாலு வருஷம் சரக்குக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராசிலிருந்து நம் சீமைக்கு மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில் விடலாமா, விட்டால் ஆள் ஏறுமா என்று பார்க்க ஒரு கம்பெனி கிளம்பியது. வீடு வீடாகப் போய்க் கேட்க உள்ளூரில் ஆள் தேடினார்கள். இவர் தேடிப்போய்ச் சேர்ந்தார். காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி அன்னத்தாய்க்கு மாரடைப்பு. மெட்ராசில் இருக்கிற மகள் சித்ரலேகா அன்று சாயங்காலமே ரயில் ஏறினாள். அந்த ரயில் கரூர், ஈரோடு என்று ஊரெல்லாம் சுற்றி, பார்த்த சிக்னலுக்கெல்லாம் கும்பிடு போட்டு நின்று, மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தது. அன்னத்தாய் பிழைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த தரம் இவ்வளவு நேரம் தாங்காது" என்று டாக்டர் இவர் காதோடு சொன்னார். அன்றிலிருந்து குமரகுருபரனுக்கு மூன்று மணி நேர ரயில் என்றால் உயிர்.

இன்னொரு உயிர் அந்த வீடு. செங்கலை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கிக் கட்டினார். தட்டிய விரல் வீக்கம் வடிய ஒரு வருஷம் ஆயிற்று.

கம்பெனி கொடுத்த ஃபாரத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இந்த ரயில் வந்தால் மாசத்துக்கு எத்தனை தரம் மெட்ராஸ் போவீர்கள்?

தம் தெருவிலேயே ஆரம்பித்தார். நாற்பது வீடு. எதிர்வீட்டு முத்துமாலை, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், மெட்ராசை ஆயுளில் ஒரே தரம் பார்த்தவர். "நீங்களா பாத்துப் போடுங்க அண்ணாச்சி" என்றார். இவர் நாலு என்று போட்டார்.

அடுத்த வீடு ஷரீபா பீவி. மகன் இரண்டு பேரும் துபாயில்.

"முத்துமாலைக்கு எத்தன போட்டிய?"

"நாலு."

"அப்பம் நமக்கு ஆறு போடுங்க."

"நீங்க வருசத்துக்கு ஒருக்க, மவன ஏத்திவிடத்தான போறிய?"

"அதுக்காவ எழுத்துல கொறஞ்சு நிக்க முடியுமா? கலியாண வீட்டுல மொய் எழுதும்போது முத்துமாலைக்குக் கீழயா எழுதுதோம்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆறு போட்டார். கால் மணி நேரத்தில் முத்துமாலை வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து எட்டாக்கினார். அப்புறம் தெரு பற்றிக்கொண்டது. படுக்கையோடு படுக்கையாகக் கிடந்த தொண்ணூற்றிரண்டு வயசுக் கிழவர் வாரத்துக்கு இரண்டு தரம் என்றார். கேட்கிறவர் குறைந்து நிற்கலாமா என்று குமரகுருபரன் தமக்குப் பன்னிரண்டு போட்டுக்கொண்டார். கணக்குப்படி பார்த்தால், எந்த நாளிலும் தெருவில் பாதிப் பேர் ரயிலில் இருப்பார்கள். மீதிப் பேர் ஸ்டேஷனுக்கு ஆட்டோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல முகம்மது இப்ராஹிமின் லேத் பட்டறைக்குப் போனார். இருவருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம்.

"மூணு மணி நேரத்துல வந்து எறங்கி என்னவே செய்யப் போறாவ?" என்றார் இப்ராஹிம்.

"எம்மவ வருவா பாய்."

"வரட்டும். இருக்க ஒத்தத் தண்டவாளத்த ரெட்டையா போட்டு, எதிர்வண்டிக்கு நிக்காம நேர்வழியா விட்டாலே பத்து மணி நேரத்துல வந்துருவா. அதுல நாலு ஏழையும் ஏறுவான். நீரு சொல்லுத வண்டிக்கு ஆகாசக் கப்பல் டிக்கெட்டுல்லா வாங்கணும். எவன் ஏறுவான்?"

"எந்தெருவுல மட்டும் மாசம் முந்நூறு தரம் ஏறுதாங்க."

இப்ராஹிம் லேத்தை நிறுத்தினார். பட்டறையில் இரும்பு வாசனை மட்டும் மிச்சமிருந்தது.

"வேகமா ஓடுத சாமானுக்கு ஒரு கொணம் உண்டு வே. வளையாது. பழைய ரயிலு கொளத்தக் கண்டா ஒதுங்கும், கோயிலக் கண்டா சுத்தும். இது ஒதுங்காது. ரெண்டு முனையக் குறிச்சிட்டா நடுவுல யாரு குடியிருக்கான்னு கேக்காது. ஒரு முனை மெட்ராசு. மத்த முனை எங்கன?"

"அத அவங்க பாத்துக்கிடுவாங்க" என்று சிரித்துவிட்டு வந்தார் குமரகுருபரன். வீட்டுக்கு வருகிற வழியில் வடக்கே, வெகு தூரத்தில், டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. தச்சு வேலையாக இருக்கும் என்று நினைத்தார்.

திங்கள்கிழமை அந்தச் சத்தம் தாழையூத்தில். புதன்கிழமை ராமையன்பட்டியில். நூறு அடிக்கு ஒரு கட்டை. ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்கிற மாதிரி அத்தனை நேர். முதல் கட்டையில் ஏறி இறங்கிய எறும்பு பேட்டை வரைக்கும் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. ஒரு தென்னந்தோப்பில் பதினோரு மரத்துக்குச் சிவப்பு வளையம் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குள் ஒரு கட்டை. மாடு அதன் பக்கம் படுக்க மறுத்து ராப்பகலாக நின்றது. கட்டையடித்தவர்கள் யாரோடும் பேசவில்லை. மோர் கொடுத்தால்கூட வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேட்டைக் குளக்கரைக்கு வந்துவிட்டார்கள். குமரகுருபரன் பார்க்கப் போனார். தங்கள் கம்பெனிக்கு ஃபாரம் எழுதியவர் இவர்தான் என்று தெரிந்ததும் தொப்பிக்காரர் ஒருவர் முதல்முறையாக வாய் திறந்து, "பாக்கறீங்களா சார்?" என்றார்.

குமரகுருபரன் குனிந்து கண்ணை வைத்தார். கருவிக்குள் உலகம் தலைகீழாக இருந்தது. வானம் கீழே, பூமி மேலே. நடுவில் மயிரிழை மாதிரி இரண்டு கோடு குறுக்கும் நெடுக்கும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நீலச் சேலை கொடியில் ஆடியது. அதன் பக்கத்தில் ஒருத்தி தலைகீழாக நடந்துபோய், தலைகீழான ஒரு வாசலுக்குள் நுழைந்தாள். அது அன்னத்தாய்.

"இதக் கொஞ்சம் மேற்க தள்ளி வைக்கக்கூடாதா?"

"வளைக்க முடியாது சார். எங்க ஜனம் அதிகமா ஏறுதோ அங்கதான் ஸ்டேஷன். இந்த ஜில்லாவுலயே உங்க தெருதான் முதல்ல நிக்குது. எல்லாம் நீங்க எழுதின ஃபாரம்தான்."

"நாப்பது வீடும்?"

"நாப்பதும் பிளாட்பாரத்துக்குள்ள வந்துரும்."

"அப்பம் வண்டியில ஏறப் போறது யாரு?"

தொப்பிக்காரர் மறுபடியும் கண்ணைக் கருவியில் வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை மேடம் வந்து சரிபார்ப்பாங்க. எண்ணிக்கை குறைஞ்சா ஸ்டேஷன் கங்கைகொண்டான் பொட்டலுக்குப் போகும். லைனும் ஊருக்கு வெளியே போயிடும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு குமரகுருபரன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தெருவில் ஏறி இறங்கினார். செருப்பு தேய்ந்து வார் மட்டும் காலில் கிடந்தது. நெஞ்சு தாங்காது என்று அன்னத்தாயிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. ரயில் கங்கைகொண்டானுக்கே வரட்டும், மகள் அங்கே இறங்கினால் போதும், வீடு நிற்கட்டும் என்பதுதான் இப்போது அவர் வேண்டுதல்.

முத்துமாலை கேட்டுவிட்டுப் பல் குத்தினார். "கட்ட அடிச்ச எடத்துக்கெல்லாம் ரயிலு வந்திருந்தா, இன்னேரம் நம்ம அடுப்படியில ஜங்ஷன்லா இருக்கணும்."

"வெளயாட்டில்ல முத்துமாலை. வீடு போயிரும். ஒண்ணுன்னு சொல்லும்."

"பீவி கொறைக்கட்டும், நானும் கொறைக்கேன்."

ஷரீபா பீவி வீட்டில், "மொதல்ல அவுக கொறைக்கட்டும். நான் கொறச்ச பெறவு அவுக எட்டுலயே நின்னா, எம்மவன் மூஞ்சியில எப்படி முழிக்க?" என்றாள்.

நாற்பது வீட்டிலும் இதே பதில். எல்லாரும் இறங்கத் தயார், பக்கத்து வீடு இறங்கின பிறகு.

திங்கள்கிழமை காலை விஜயஸ்ரீ என்கிற அதிகாரி வந்தாள். கையில் ஃபாரக் கட்டு, பின்னால் தொப்பிக்காரர், அவர் கையில் சுத்தியல். முத்துமாலை ஒன்பது என்றார். ஷரீபா பீவி பத்து என்றாள். பதில் சொன்னவர்களெல்லாம் அடுத்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்க அதிகாரிக்குப் பின்னாலேயே வந்தார்கள். கடைசியாகக் குமரகுருபரன் வீட்டு வாசலுக்கு வந்தபோது தெருவே அவர் கேட்டுக்கு வெளியே நின்றது.

அவர் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தார். தாம் ஒன்று என்று இறங்கிவிட்டால் போதும். ஒன்றுக்கு மேலே நிற்க இரண்டே போதுமே. அத்தனை பேரும் கௌரவமாக இறங்கிவிடலாம்.

"பன்னிரண்டுன்னு போட்டிருக்கீங்க சார்" என்றாள் விஜயஸ்ரீ. "உண்மையா எத்தனை தடவை போவீங்க?"

வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி சும்மா எழுதினதும்மா" என்றார் முத்துமாலை கூட்டத்திலிருந்து. "பென்சன்காரரு. பன்னெண்டு தரம் போவ அவருக்கு ஏது வக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்னத்தாய் வாசற்படியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பதினாலு" என்றார் குமரகுருபரன்.

விஜயஸ்ரீ எழுதிக்கொண்டாள். தொப்பிக்காரர் கேட்டைத் திறந்து முற்றத்துக்கு வந்தார். அங்கே அன்னத்தாய் பழைய சேலையை விரித்து அரிசி வத்தல் காயப்போட்டிருந்தாள். அவர் சேலையின் ஓரத்தைப் பதமாக மடித்து விலக்கிவிட்டுக் கட்டையை நிறுத்தினார்.

"பைய அடிங்க. வத்தல் செதறிரும்" என்றாள் அன்னத்தாய்.

டொக். டொக். ஒவ்வொரு அடிக்கும் வத்தல்கள் ஒரு நூல் எழும்பி விழுந்தன.

"எதுக்கு இந்தக் கட்ட?" என்று அவள் கணவரிடம் கேட்டாள்.

"சித்ரா சீக்கிரமா வாரதுக்கு" என்றார் அவர்.

அவள் தலையாட்டிவிட்டு, கட்டையைச் சுற்றி மறுபடியும் சேலையை விரித்தாள்.