சின்னத் தலை டாலர்

என் வீட்டுக்காரர் எட்கார்டோவுக்குப் பொருளாதாரம் தெரியும். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்கிறார். வாடகைக் கார் ஓட்டுகிறவர், நாள் முழுக்க வானொலி கேட்பார், வாரத்துக்கு ஒரு முதலீட்டுத் திட்டத்தோடு வீடு திரும்புவார். ஒரு வாரம் செங்கல். காசு கரையும், செங்கல் கரையாது என்று சொல்லி, கட்டவே போகாத ஒரு மாடிக்குச் செங்கல் வாங்கி, விற்றவன் கடையிலேயே போட்டுவைத்தார். அடுத்த வாரம் டின் மீன். அதற்கடுத்த வாரம் கார் டயர். நோய்த்தொற்று வந்து எங்களை எல்லாம் வீட்டுக்குள் பூட்டிப்போட்டபோது, குளியலறையில் நாலு டயருக்கு நடுவில் நின்றுதான் நான் குளித்தேன். வாயைத் திறந்தால், "டயர் இப்ப என்ன விலை விக்குது தெரியுமா சுலே?" என்பார். விலை ஏறியது உண்மைதான். எதுதான் ஏறவில்லை? காலையில் வாங்கிய ரொட்டியைச் சாயங்காலம் அதே கடையில் அதே விலைக்கு வாங்க முடியாத ஊர் இது.

எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது தலைமுடி. லனூஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறேன் என்றால், அப்போது வாடகைக்கு. கல்யாணமான புதிதில் தொடங்கிய கடை, இன்னமும் அடுத்தவன் சுவரில்தான் என் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாலு சுவரும் என் பேருக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கடையின் சொந்தக்காரர் தோன் அமில்கார். மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர், எண்பதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். தொற்று வந்த நாளிலிருந்து தன் மாடி வீட்டை விட்டு இறங்கவே இல்லை. வாடகையைக்கூட அவர் கயிற்றில் கட்டி இறக்கும் கூடையில்தான் போட வேண்டும். மேலே இழுத்ததும் என் கண்ணெதிரிலேயே அதன்மேல் ஆல்கஹாலைப் பீச்சுவார். ஏதோ நான் அதில் தும்மிவிட்டுப் போட்டேன் என்பது போல.

அவர் ஒரு நாள் போன் செய்தார்.

"ஏம்மா சுலேமா, கடையை விக்கப் போறேன். தந்தீல் ஊர்ல மகள்கூடப் போய் இருக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை ஓட்டு. திங்கக்கிழமை விடியும்போது இந்த நாடு எப்படி இருக்கும்னு கடவுளுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை டாலரோட வந்தா கடை உனக்கு. இல்லைன்னா செல்போன் உறை விக்கிற பையன் ஒருத்தன் ரொக்கத்தோட நிக்கிறான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் எங்களிடம் டாலர் இருந்தது. செங்கல், டின் மீன் கூத்துக்கெல்லாம் முன்னாலேயே, எட்கார்டோ ரயில்வே பணிமனையிலிருந்து வெளியே வந்தபோது கிடைத்த தொகை. முழுவதையும் டாலராக மாற்றி, படுக்கையறை ஜன்னல் சுருள்கதவுக்கு மேலே இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பிற்பாடு வங்கிகள் ஊர்ச் சேமிப்பையெல்லாம் முடக்கிக் கதவைச் சாத்திக்கொண்டு ஊரே சட்டி பானையைத் தட்டிக்கொண்டு தெருவில் நின்றபோது, இவர் மட்டும் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஏறிய கர்வம் இன்னும் இறங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

"ஒரு வாரம் பொறுக்கலாமே சுலே. ஓட்டு முடியட்டும். டாலர் எகிறும்."

"விலையே டாலர்லதான்யா சொல்லியிருக்காரு. அது எகிறினா என்ன, எகிறாட்டி என்ன?"

"அதெல்லாம் பொருளாதாரம். உனக்குப் புரியாது."

"புரிய வேணாம். வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கு."

இறக்கினார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து, வெகுநேரம் என்னமோ அடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது கட்டுகளை ரப்பர் போட்டு அழகாகப் பையில் வைத்திருந்தார். பொறுப்பான மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நோட்டரி லுதுவேன்யா அம்மாளின் அலுவலகத்தில் கூடினோம். காற்றோட்டம் வேண்டும் என்று எல்லா ஜன்னலையும் திறந்துவைத்திருந்தார்கள். குளிர்காலம் போயும் போகாமலும் இருந்த நேரம், பல் கிடுகிடுத்தது. தோன் அமில்கார் முகத்தில் இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் நெற்றியிலிருந்து தாடை வரை பிளாஸ்டிக் தகடு, கையில் உறை, மடியில் ஆல்கஹால் புட்டி. வெல்டிங் வேலைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். மகள் கூட்டி வந்து விட்டுவிட்டுக் காரில் காத்திருந்தாளாம்.

நோட்டரி அம்மாள் பத்திரத்தைப் படித்தார். பணம் கைமாறும் கட்டம் வந்ததும், எல்லா நோட்டரியும் செய்வது போல எழுந்து நின்றார்.

"நான் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன். நீங்க பேசி முடிச்சுக்கோங்க."

மேசைமேல் என்ன நடக்கிறது என்று அவர் பார்க்கக் கூடாது. பார்க்காதவரைக்கும் பத்திரத்தில் போட்டிருக்கும் விலைதான் விலை. கதவு சாத்தியது. எட்கார்டோ பையைத் திறந்து கட்டுகளை வைத்தார். மூலையில் நோட்டு எண்ணும் இயந்திரம் தயாராக இருந்தது. அதில் போட்டிருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும், நான் கடைக்குச் சொந்தக்காரி ஆகியிருப்பேன்.

"இயந்திரம் வேணாம்மா. எத்தனை பேர் தொட்டதோ" என்றார் தோன் அமில்கார்.

ரப்பரைக் கழற்றினார். ஒரு நோட்டை எடுத்தார். முன்பக்கம் ஒரு பீச்சு, பின்பக்கம் ஒரு பீச்சு, மேசையில் காய வைத்தார். அடுத்த நோட்டு. காற்றில் பறக்காமல் இருக்க எட்கார்டோ முத்திரைக் கட்டை, பசை டப்பா எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். அவர் நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் இந்த ஆளுக்கு ஏன் வேர்க்கிறது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மேலே இருந்த சில நோட்டுகள் போனதும் தோன் அமில்காரின் கை நின்றது. அந்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததையும். பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது சின்னத் தலை."

பழைய நூறு டாலர் நோட்டில் இருக்கும் பெரியவரின் படம் சின்னதாக, ஒரு நீள்வட்டத்துக்குள் அடங்கி இருக்கும். புது நோட்டில் பெரிதாக இருக்கும். அமெரிக்காவில் இரண்டும் ஒன்றுதானாம். இருக்கட்டும், நாங்கள் அமெரிக்காவிலா இருக்கிறோம்? இங்கே டாலர் மாற்றும் கள்ளக் கடைகளில் சின்னத் தலையைக் கண்டால் அழுகின தக்காளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் வாங்குவார்கள். ஏன் என்று கேட்டால், "சின்னத் தலைங்க" என்பார்கள். அதற்கு மேல் காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊர் மொத்தமும் நம்புகிறது.

"இதுவும் சின்னத் தலை, இதுவும்... ஏம்மா, மேல நாலு பெரிய தலை, அடியில அத்தனையும் சின்னது! என்னைக் கிழவன்னு நினைச்சு ஏமாத்தப் பாத்தீங்களா?"

நான் எட்கார்டோவைப் பார்த்தேன். அவர் பசை டப்பாவைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"மாத்தலாம்னு ஒரு தடவை கொண்டு போனேன் சுலே. கழிச்சுக்கிட்டுத்தான் தருவேன்னாங்க. என் காசுக்கு இவனுங்க யாரு விலை போடன்னு திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

"எப்போ?"

"ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நீ கோபப்படுவேன்னு."

"இப்ப மட்டும் கொஞ்சிக்கிட்டு இருக்கேனா? டயரைப் பத்தி நாள் முழுக்கப் பேசத் தெரியுது, இதைச் சொல்ல வாய் வரலையா? பெரிய பொருளாதார மேதை! மேல நாலு நல்ல பழம் வெச்சு அடியில சொத்தையை வெக்கிற தள்ளுவண்டிக்காரன் வேலையில்ல பண்ணியிருக்கே!"

முகக்கவசத்துக்குள் கத்தியதில் மூச்சு முட்டியது. தோன் அமில்கார் அதற்குள் போனை எடுத்துவிட்டார். உறை போட்ட விரல் திரையில் பதியவில்லை. அழுத்துகிறார், அழுத்துகிறார், அந்தச் செல்போன் உறைப் பையனின் எண் விழ மாட்டேன் என்கிறது. எனக்கு இருந்த நேரம் அந்த ரப்பர் உறைதான். என் கண்ணாடி, என் நாற்காலி, தலை கழுவும் தொட்டி எல்லாம் நடைபாதையில் கிடப்பது போல் கண்ணுக்குள் ஓடியது. அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"தோன் அமில்கார், போனை வெச்சுட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. இந்த நோட்டையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?"

"என்ன பண்றது? பத்திரமா வெப்பேன்."

"எங்கே?"

அவர் ஆல்கஹால் புட்டியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையிடம்கூட யாரும் சொல்லாத பதில் அது.

"மகள் வீட்டு ஜன்னல் சுருள்கதவுப் பெட்டியிலதானே?"

மனுஷன் துள்ளி விழுந்தார். "உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம், ஊரே அங்கதான் வெக்குது. அந்தப் பெட்டிக்குள்ள, அந்த இருட்டுல, தலை பெரிசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன? எந்தப் பல்லி வந்து அளந்து பாக்கப் போகுது? எப்போ வெளிய எடுப்பீங்க?"

"கெட்ட காலம் வந்தா எடுப்பேன்."

"கெட்ட காலமா! வெளிய நோய் நிக்குது. மூச்சு விடப் பயந்துக்கிட்டு ரெண்டு மாஸ்க், மேல தகடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஞாயித்துக்கிழமை ஓட்டு, திங்கக்கிழமை நாடே இருக்குமான்னு நீங்கதான் கேட்டீங்க. காசு கையில வந்து பாக்கெட்டுக்குப் போறதுக்குள்ள பாதியாகுது. எண்பது வயசு தாண்டியாச்சு. இது கெட்ட காலம் இல்லைன்னா வேற எதைய்யா கெட்ட காலம்னு சொல்லுவீங்க? அது வந்து கதவைத் தட்டி, நான்தான் கெட்ட காலம், டாலரை எடுங்கன்னு சொல்லணுமா?"

ஜன்னல் காற்றில் ஒரு நோட்டு மெல்லத் தூக்கிக்கொண்டு விழுந்தது. எட்கார்டோகூட அதைப் பிடிக்கவில்லை.

தோன் அமில்காரின் தகடு உள்ளிருந்து ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண்களை ஒன்றரை வருஷம் கழித்து அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன்.

"என் வீட்ல இருக்கிறது அத்தனையும் சின்னத் தலைதான்மா" என்றார். "இதுலயாவது பெரிய தலை வரும்னு நினைச்சேன். என் சம்சாரம் இத்தாலி பாக்கணும் இத்தாலி பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அவ அப்பா பொறந்த ஊர் அங்க இருக்கு. கெட்ட காலத்துக்கு ஆகும், கையை வெக்காதேன்னுட்டேன். அவ போய்ச் சேந்துட்டா. நோட்டு அங்கயேதான் இருக்கு."

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டோமே என்று மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் தொற்று ஞாபகம் வந்தது. அவர் உதறவில்லை, புட்டியையும் எடுக்கவில்லை.

பிறகு மிச்ச நோட்டுகளை அப்படியே அள்ளி இயந்திரத்தில் போடச் சொன்னார். அது கடகடவென்று ஓடியது, எந்தத் தலையையும் பார்க்கவில்லை. நோட்டரி அம்மாள் தலையை நீட்டி, "முடிஞ்சுதா?" என்றார். கையெழுத்துப் போட்டோம். சாவி ஏற்கெனவே என் கையில் இருந்ததுதான், இருந்தாலும் அவர் தன்னிடம் இருந்த இன்னொன்றையும் கொடுத்தார். தெருவுக்கு வந்து எட்கார்டோவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். அவர் மேல் இருந்த கோபம் தீரவில்லை, சாய வேறு தோள் இல்லை.

ஓட்டு முடிந்தது. திங்கட்கிழமை டாலர் எகிறியது. அன்றைக்கு வித்திருக்கலாம், இன்றைக்கு வாங்கியிருக்கலாம் என்று எட்கார்டோ காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். நான் காதில் வாங்கவே இல்லை. என் கடையைத் திறந்து, என் சுவரை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் என் பழைய வாடிக்கைக்காரி ஒபேலியா அம்மாள் வந்தாள். விலை ஏறுவதற்குள் வருஷம் முழுக்கத் தலைச்சாயத்துக்கு முன்கூட்டியே கட்டிவிடுகிறேன் என்று, மகள் மாட்ரிட்டிலிருந்து கொடுத்துவிட்ட நூறு டாலர் நோட்டை நீட்டினாள். முதலீடாம். அவள் போன பிறகு போன் அடித்தது. தந்தீலிலிருந்து தோன் அமில்கார்.

"சுலேமா! நாலு சின்னத் தலையை மாத்திட்டேன். கழிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தான், போறான் விடு. தினம் ஒரு கிலோ ஐஸ்கிரீம் வீட்டுக்கே வருது. மகள் கத்துறா, டாக்டர் கத்துறார். நான் பால்கனியில உக்காந்து மாஸ்க்கைக் கழட்டிட்டுச் சாப்பிடுறேன். எல்லாம் நீ கொடுத்த புத்திதான்மா! நீயும் உனக்குன்னு ஏதாவது செலவு பண்ணிக்கோ, கேட்டியா? கெட்ட காலத்துக்குன்னு எதையும் வெக்காதே."

"சேச்சே, நான் எதுக்கு வெக்கிறேன்?" என்றேன்.

சொல்லிக்கொண்டே அந்த நோட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். பெரிய தலை. நாலாக மடித்து, ஊரில் யாருமே கேட்காத செம்பு நிறச் சாயத்தின் அட்டைப்பெட்டிக்குள் போட்டு, அலமாரியில் எல்லாவற்றுக்கும் பின்னால் தள்ளிவைத்தேன். எட்கார்டோவிடம் சொல்லவில்லை.