ஏழு மணிக்கு டீவியில் ஆன் மேரி டீச்சர்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஆன் மேரியைக் காரைக்குடியே பார்த்தது. கேபிள் இழுத்த வீடுகளில் எல்லாம் பார்த்தார்கள். இழுக்காதவர்கள் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். திரையில் அவள் நெஞ்சுக்கு நேரே ஒரு சிலேட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் ஆன் மேரி, ஊர் கோட்டையூர், குற்றம் தாறுமாறாக வண்டி ஓட்டியது என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. கொலை செய்தவனைக்கூட முகத்தில் துண்டைப் போட்டுத்தான் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். மொபெட்டில் பள்ளிக்கூடம் போன டீச்சருக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது.

நிகழ்ச்சிக்குப் பெயர் ‘சாலை நமது, சட்டம் நமது’. புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் கருத்தையாவின் மூளையில் உதித்தது. காலையில் கேமராவோடு தெருவில் நிற்பார். மாட்டுகிறவர் கையில் பலகையைக் கொடுத்துப் படம் எடுப்பார். அன்றைக்கே சாயங்காலம் உள்ளூர்ச் சேனலில் ஓடும். பார்க்காமல் விட்டவர்களுக்காக மறுநாள் பதினோரு மணிக்கு இன்னொரு தடவை. மூன்று வாரமாக மாட்டியவர்கள் யார் யார் என்று பாருங்கள். சைக்கிளில் மூன்று பேராகப் போன சித்தாட்கள், பால்காரர், லைட் இல்லாத தள்ளுவண்டிக்காரர். காரில் போகிறவர் ஒருவர்கூட மூன்று வாரத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்பேர்ப்பட்ட ஒழுக்கம்!

நடந்தது இதுதான். அன்று காலை ஆன் மேரி கோட்டையூரிலிருந்து கிளம்பி, கணவர் அந்தோணி பிரபுவின் சட்டையைச் சலவைக் கடையில் கொடுத்துவிட்டு, காரைக்குடிக் கடைத்தெரு ஒருவழிப் பாதையில் போய்க்கொண்டிருந்தாள். கிழக்கேயிருந்து மேற்கே போக வேண்டிய பாதை. அவளும் அப்படித்தான் போனாள். எதிரே, மேற்கேயிருந்து ஒரு போலீஸ் ஜீப் நடுத்தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. அவள் பதறிப்போய் வலப்பக்கம் ஒடித்தாள். வண்டி ஒரு மளிகைக் கடைப் படியில் முட்டி நின்றது. சாப்பாட்டுத் தூக்கு உருண்டு சாம்பார் தெருவில் ஓடியது. அவள் தூக்கை எடுக்கக் குனியும் முன்னே ஏட்டு வந்து சாவியை உருவிக்கொண்டார்.

“என்னம்மா, தாறுமாறா ஓட்டிட்டு வாரீக?”

“நானா? ஜீப்புல எதுத்தாப்ல வந்தது நீங்கதானே!”

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “போலீஸ் வண்டிக்கு ஆயிரம் அவசரம் இருக்கும். உங்கிட்டச் சொல்லிட்டா வரணும்?”

“சரி, ஃபைன் போடுங்க சார். ரசீது குடுங்க, கட்டிட்டுப் போறேன்.”

“ஃபைன் வேணாம். பலகையைப் பிடி. ரெண்டு நிமிஷம்.”

எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது இந்தப் பலகை? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சுற்றிலும் கூட்டம், பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருப்பார்கள், சாவி ஏட்டு கையில். பிடித்துத் தொலைத்தாள். அதை நினைத்து நினைத்து ராத்திரி முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் நாலாம் வகுப்பு டீச்சர். இரண்டு வருஷம் தற்காலிகமாக வேலை பார்த்தாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை நிரந்தர நியமனத்தில் தாளாளர் கையெழுத்துப் போட வேண்டும். தாளாளர் சிகப்பி ஆச்சி. கணவர் போனபிறகு பள்ளிக்கூடத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஓட்டை ஓடு மாற்றுவதிலிருந்து பிள்ளைகளின் நகம் பார்ப்பது வரை தானே செய்கிற அம்மாள். ஆச்சியும் செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு டீவி பார்த்திருந்தார்.

புதன்கிழமை காலை ஆன் மேரியைக் கூப்பிட்டுவிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“எம்பிள்ளைகளுக்கு நல்லது சொல்லிக்குடுக்க வேண்டியவ, ஊரு பாக்கப் பலகை பிடிச்சு நிக்கிறே. காலையிலயே நாலு பேரு வந்து கேட்டுட்டாக. நான் என்னத்தைச் சொல்ல?”

“ஆச்சி, ஜீப்புதான் எதுத்தாப்ல வந்துச்சு. நான் நேர்வழியிலதான் போனேன்.”

“மாட்டுனவுக எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக.” ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் இங்க வாராரு. சாலைப் பாதுகாப்பு விழா வைக்கச் சொல்லி அவராவே கேட்டாரு. மேடையில பிள்ளைக முன்னால ‘தப்புப் பண்ணிட்டேன், இனிமே பண்ண மாட்டேன்’னு ஒரு வார்த்தை சொல்லிரு. அதையும் படம் எடுப்பாகளாம். பிறகு உன் ஆர்டருல கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா என்னால ஆகாது. இன்னைக்கு வகுப்புக்குப் போக வேணாம்.”

வீட்டுக்கு வந்தால் அந்தோணி பிரபு அதற்கு மேலே. மின்வாரியத்தில் குமாஸ்தா, யாரிடமும் சத்தம் போட்டுப் பேசி அறியாதவர். “ஒரு நிமிஷ வேலை. சொல்லிட்டு வந்துரு மேரி. நிரந்தரமாயிரும்ல?” என்றார்.

“செய்யாத தப்புக்கா?”

“யாருதான் செஞ்சிட்டுக் கேக்குறா?” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். இப்படிப்பட்ட நல்லவர்களை நம்பித்தான் கருத்தையாக்கள் ஜீப் ஓட்டுகிறார்கள்.

பதினோரு மணிக்கு மறு ஒளிபரப்பு. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். கை தானாக டீவியைப் போட்டது.

நாகஸ்வரம் முழங்க நிகழ்ச்சி ஆரம்பித்தது. திரையின் நாலு மூலையிலும் ரோஜாப்பூ சுற்றியது. நடுவில் இன்ஸ்பெக்டரின் ஜீப் தெருவில் வருகிறது, பெரிதாகிக்கொண்டே வருகிறது, நிற்கிறது, கதவு திறக்கிறது, பூட்ஸ் கால் தரையில் படுகிறது, தொப்பி, மீசை, கும்பிடு. முழுசாக ஒரு நிமிஷம். படம் பிடிப்பது கல்யாண வீடியோக்கார நெல்சன். கல்யாணத்தில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவதை எப்படி எடுப்பானோ அப்படியே எடுத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த வித்தை அது. மூன்று வாரமாக எல்லா நிகழ்ச்சிக்கும் இப்படித்தான் தொடக்கம், தினமும் புதிதாக எடுத்தது. ஊரே பார்த்தது, மீசையைப் பார்த்தது.

ஆன் மேரி அன்றைக்குத்தான் தெருவைப் பார்த்தாள். ஒரு சைக்கிள் போகிறது, முதுகு தெரிகிறது. மாட்டு வண்டி போகிறது, வைக்கோல் தெரிகிறது. ஒரு ஆட்டோ, அதற்கும் பின்பக்கம்தான். அத்தனை வண்டியும் மேற்கே போகிறது. ஜீப் ஒன்றுதான் முகத்தைக் காட்டிக்கொண்டு வருகிறது. படத்தின் ஓரத்தில், வெட்டுப்படுவதற்கு முன் ஒரு நொடி, நீலச் சேலை ஒன்று, அவளுடையதுதான், சட்டென்று வலப்பக்கம் ஒடிகிறது.

“அட பாவிகளா!” என்று எழுந்து நின்றுவிட்டாள். வீட்டில் கேட்க யாரும் இல்லை.

கோட்டையூரில்தான் நெல்சனின் ஸ்டுடியோ. கோயில் திருவிழாக்களில் பார்த்துப் பழகிய பையன். அவள் கேட்டதும் முதலில் பெருமையாகத்தான் பேசினான்.

“நல்லா விழுந்திருக்குல்ல அக்கா? காலை வெயிலு கிழக்க இருந்து வருது. ஐயா மேக்க இருந்து வந்தாத்தான் மூஞ்சி பளிச்சுனு இருக்கும். தினமும் அப்படித்தான் வரச் சொல்லுவேன். அன்னைக்கு முதல் தடவை ஒரு மாடு குறுக்க வந்திருச்சு. ‘ஐயா, இன்னொருக்கா சுத்தி வாங்க’ன்னேன், அவுகளும் மொகம் சுளிக்காம வந்தாக.”

“இன்னொருக்காவா? ரெண்டாந்தடவை வந்தப்பதான்டா நான் படியில முட்டுனேன்!”

நெல்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். “அக்கா, நான் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி எடுத்தேன். ஒன்வேங்கிறது எனக்குத் தோணவே இல்லை.”

“இதை வெள்ளிக்கிழமை வந்து சொல்லு.”

“என்னைக் கொன்னுருவாக அக்கா. முகூர்த்த மாசம் வேற. லைட்டு செட்டு ஏத்திக்கிட்டு ராத்திரி பகலா ரோட்டுல திரியிறவன் நான். என்னை விட்டுருங்க.” கும்பிடப் போனான். அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பயம் அவளுக்கும் தெரிந்த பயம்தானே.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல் போட்டு, பிள்ளைகளைத் தரையிலும் பெற்றோர்களைப் பின்னால் நாற்காலிகளிலும் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் ஆச்சி, இன்ஸ்பெக்டர், நடுவே பெரிய டீவி, வீடியோ டெக். செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டி, அதற்குப் பிறகு டீச்சர் மன்னிப்புக் கேட்பது என்று இன்ஸ்பெக்டரே ஏற்பாடு செய்திருந்தார். அவள் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசை. இதைவிட ஒரு மனுஷியை என்ன செய்ய வேண்டும்? நெல்சன் டெக்கின் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

கேசட் ஓடியது. நாகஸ்வரம், ரோஜாப்பூ, ஜீப். இன்ஸ்பெக்டர் தன்னையே ரசித்துத் தலையாட்டினார். பலகையோடு ஆன் மேரி வந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை “எங்க டீச்சர்” என்று அழ ஆரம்பித்தது. படம் முடிந்தது. ஆச்சி கண்ணைக் காட்டினார். ஆன் மேரி எழுந்து மைக் முன்னால் போனாள்.

மன்னிப்பு இரண்டே வரி. சொன்னால் ஆயுசுக்கும் வேலை. முன்வரிசையில் அந்தக் குழந்தை இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“நெல்சன், முதல்ல இருந்து போடுப்பா” என்றாள்.

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அவருக்குத் தன் வருகையை இன்னொரு தடவை பார்க்க என்ன கசக்கவா செய்யும்? போடு என்று கையசைத்தார். ஜீப் வந்தது.

“நிறுத்து. பிள்ளைகளா, நாலாம் வகுப்புப் பாடம். ஒருவழிப் பாதையில வண்டி எல்லாம் எப்படிப் போகணும்?”

“ஒரே பக்கமா!”

“இதுல எத்தனை வண்டி ஒரே பக்கமாப் போகுது? எண்ணுங்க.”

எண்ணினார்கள். சைக்கிள், மாட்டு வண்டி, ஆட்டோ.

“எதுத்தாப்ல வாறது?”

“ஜீப்பு!” என்று முற்றமே கத்தியது. பின்வரிசையில் சிரிப்பு வேறு.

இன்ஸ்பெக்டர் எழுந்துவந்து மைக்கை இழுத்தார். “இந்தாம்மா, போலீஸ் வண்டிக்கு விதிவிலக்கு உண்டு. அவசர வேலைன்னா எந்தப் பக்கமும் வரலாம்.”

“அன்னைக்கு என்ன அவசரம் சார்?”

“அதெல்லாம் உங்கிட்டச் சொல்ல முடியாது.”

“மூணு வாரமா தினமும் அதே இடத்துல, அதே நேரத்துலயா அவசரம் வருது?”

பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். வெள்ளைச் சட்டைப் பெற்றோர்கள் சிரித்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கேமராவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“எல்லாம் இந்தப் பயலால வந்தது! வெயிலு மூஞ்சியில விழணும், மாடு குறுக்க வந்திருச்சு, இன்னொருக்கா சுத்தி வாங்க, அப்படி வாங்க, இப்படி வாங்கன்னு இவன்தான் என்னை...”

மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலும் அது கேட்டது.

“அப்ப அவசரம்?” என்று கேட்டாள் ஆன் மேரி.

நெல்சன் கேமராவை நிறுத்தவே இல்லை. சிறப்பு விருந்தினர் நிற்கும்போது நிறுத்தி அவனுக்குப் பழக்கமில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். மேடையை விட்டு இறங்கும்போது ஆச்சியின் பக்கம் குனிந்து, “கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்திட்டீக. உங்க பள்ளிக்கூட வேனு ஊருக்குள்ளதான ஓடுது? பாத்துக்கிறேன்” என்றார்.

ஆச்சி நாற்காலியில் நிமிர்ந்தார். “நல்லாப் பாருங்க. எங்க வேனு போக வேண்டிய பக்கந்தான் போகும்.”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஆச்சி ஆபீஸ் பையனை அனுப்பாமல் தானே எழுந்துபோய் ஃபைலை எடுத்துவந்தார். மேடையிலேயே, மடியில் வைத்து, நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தாளை நீட்டினார்.

“இந்தா மேரி. முடிஞ்சு போச்சு. போயி வகுப்பைப் பாரு.”

இரண்டு வருஷம் அந்தத் தாளுக்காகத்தான் தினமும் அந்த மொபெட்டை மிதித்தாள். வாங்கக் கை போகவில்லை.

“இன்னும் முடியலை ஆச்சி. போலீசு எனக்கு அந்நியம். நீங்க என்னை ரெண்டு வருஷமாப் பாக்குறீக. ஒரு நாளு பொய் சொல்லியிருக்கேனா? டீவியை நம்புனீக, என்னை நம்பலை. எம்பிள்ளைக முன்னால நிறுத்தி மன்னிப்புக் கேளுன்னீக. அதே பிள்ளைக முன்னால நீங்க எங்கிட்டக் கேக்கணும். அதுக்குப் பிறகுதான் இந்தத் தாளு.”

ஆச்சியிடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிப் பேசியதில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. முகம் சிவந்தது. தாளைக் கிழித்துவிடுவார் என்றுதான் பக்கத்தில் இருந்த டீச்சர்கள் நினைத்தார்கள்.

ஆச்சி முன்வரிசைப் பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தார். தாளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“அந்த மைக்கை இங்குட்டுக் குடு” என்றார்.