சூசைமாணிக்கம் வைத்த பேக்கிங்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து. தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் தாளை அதற்குள்ளிருந்து உரித்தெடுத்தேன். மெஷின் சரியாகிவிட்டது, என் நிம்மதி போய்விட்டது. நிம்மதி என்பது மனித குலத்தின் ஆதித் தேடல்களில்

(இந்த வாக்கியம் ஜிப்பா போட்டுக்கொண்டு வருகிறது. வேண்டாம்.)

நாமக்கல்லில் குடியிருக்கிறோம். கதையின் நாயகர் சூசைமாணிக்கம், லாரி மெக்கானிக், என் கணவர். நேரில் அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. கதையில் சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"சூசைமாணிக்கம் பிறந்தபோதே கையில் ஒரு ஸ்பானர் இருந்" – பொய். பிறந்தபோது அவருக்கு மஞ்சள்காமாலைதான் இருந்தது, மாமியார் சொல்லியிருக்கிறார்.

"சித்திரை வெயிலில் நாமக்கல் கோட்டைப் பாறை தோசைக்கல்லாய்க்" – இதுவும் வேண்டாம். வெயிலில் ஆரம்பித்தால் பழி வெயில் தலையில் விழும். மெஷின் நின்றபோது அவரும் முதலில் வெயிலைத்தான் சொன்னார்.

மூன்றாவது இப்படி: முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி லாரிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு சூசைமாணிக்கம் சில மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். பிறகு ஒருநாள் எழுந்து, கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுக்கும் தொழில் செய்யப் போவதாகச் சொன்னார். முதல் மெஷினை எனக்காகப் பூட்டினார்.

சுவை குறைவுதான். நடந்தது அதுதான் என்பதால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

நான் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறவள். புது மெஷினில் நாலு பக்கம் திருத்துவதற்குள் உள்ளே இருக்கும் காற்றாடி பேய் பிடித்த மாதிரி சுற்றும். பிராசசரின் சூடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தாண்டும். திரை பட்டென்று கறுத்துவிடும்.

"ஏனுங்க, மறுபடியும் நின்னுபோச்சுங்க."

"வெயிலு சாமி. மேடு ஏறுனா லாரியே மூச்சு வாங்குது. இது என்ன பண்ணும்?"

மழை பெய்த நாளிலும் நின்றது. அப்போது அடைப்பு என்றார்.

"சூடு ஏறுதுன்னா ஒண்ணு தண்ணி இல்ல, இல்லாட்டி அடைப்பு. இதுல தண்ணி கெடையாது. அப்ப அடைப்புதான்."

"நேத்துப் பூட்டுன மெஷினுல ஏதுங்க அடைப்பு?"

"கோழிப்பண்ணை ஊருல இருந்துக்கிட்டு கேக்கற கேள்வியப் பாரு!"

பழைய பட்டறைக்கே தூக்கிப்போய்க் காற்றடித்துக் கொண்டுவந்தார். ஒரு இறகுகூட வரவில்லை. பக்கக் கதவைக் கழற்றி மேசைக் காற்றாடியைத் திருப்பி வைத்தார். மேல் தகட்டில் டிரில் போட்டு ஓட்டை எடுத்தார். பெட்டி சல்லடை ஆனதுதான் மிச்சம்.

(ஓரக்குறிப்பு: இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம் வந்தது. கம்ப்யூட்டர் படித்த பையன்கள் எல்லோரும் தோற்றுப்போக, பட்டறைக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டே கோளாறைக் கண்டுபிடிப்பதாக எழுதினால் என்ன? வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வரைவு எழுதியும் இருக்கிறேன், அதில் அவர் பெயர் முருகானந்தம். எனக்கு முருகானந்தத்தைப் பிடிக்கவேயில்லை. ஒரு தப்புக்கூடப் பண்ணாத மனுஷனோடு யார் குடித்தனம் நடத்துவது?)

4

எருமப்பட்டியில் ஒரு துக்க வீடு. கிளம்புவதற்கு முன்னால், பெட்டியின் பின்பக்கக் காற்றாடியைக் கழற்றித் திருப்பி மாட்டினார். "காத்து உள்ள வந்தாப் பத்தாது, வெளிய போகோணும். வந்து பாக்கறேன், கை வெக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பஸ் ஏறியிருக்கமாட்டார், மெஷின் நின்றுவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கை வைத்தேன்.

பிராசசரின் மேல் ஒரு உலோகக் கட்டி உட்கார்ந்திருக்கும். சூட்டை உறிஞ்சி மேலே அனுப்புவது அதன் வேலை. நாலு திருகைக் கழற்றித் தூக்கினேன். அதன் அடியில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாள். வழியில் கீறல் விழாமலிருக்க ஒட்டி அனுப்புவது அது. உரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

மறந்து விட்டுவிட்டாரா என்றால், இல்லை. உரிப்பதற்குத் தோதாக நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியை பிளேடால் ஓரம் பிசகாமல் நறுக்கியிருந்தார். தாளின் மேலும் கீழும், சூட்டைக் கடத்துவதற்கான பசையை அளவாகத் தடவியிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. லாரி எஞ்சினில் இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் நடுவே ஒரு தகடு வைப்பார்கள், பேக்கிங் என்பார்கள். அது இல்லாமல் முடுக்கினால் ஆயில் கசியும். முப்பது வருஷம் பேக்கிங் வைத்துப் பழகிய கை, இங்கேயும் வைத்துவிட்டது. சூடு வெளியேற வேண்டிய வழியையே அது அடைத்துவிட்டது.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அந்த வெட்டைப் பார்த்தேன். எனக்குச் செய்கிற மெஷின் என்று எவ்வளவு பதவிசாக நறுக்கியிருக்கிறார்.

உரித்தேன். துடைத்தேன். மிச்சமிருந்த பசையைத் தடவி மாட்டினேன். எத்தனை வேலை கொடுத்தாலும் சூடு ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை.

5

திரும்பி வந்தவர் குளித்துவிட்டு நேராகப் பெட்டியைத்தான் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

"பாத்தியா! காத்தாடியத் திருப்புனேன் பாரு, அங்க நிக்குது வெசயம்!"

அன்று இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எத்தனை மாதமாயிற்று அவர் அப்படிச் சாப்பிட்டு! நான் என்னத்தைச் சொல்ல? இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

தெரு முழுக்கச் சொன்னார். சேலம் அம்மாபேட்டையில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் என் தம்பி ஜெபஸ்டினுக்கும் போன் போட்டுச் சொன்னார். அவன் உடனே, "எனக்கும் ஒண்ணு பூட்டிக் குடுங்க மச்சான்" என்றுவிட்டான். நாளைக்குக் காலையில் கிளம்புகிறார்.

கல்யாண வீடியோ வேலை மெஷினை நாள் முழுக்கப் பிழிந்தெடுக்கும். பேக்கிங் வைத்த மெஷின் அங்கே பாதியில் படுக்கும். ஸ்டூடியோக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், தொழில் ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடும். சொல்லலாம் என்றால், முதல் மெஷினையே பெண்டாட்டிதான் சரி செய்தாள் என்று தெரிந்ததும் டூல்ஸ் பெட்டியை மூடிவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். எனக்கு அந்த முதுகைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

6

ஆகவே கதைக்கு வைக்கக்கூடிய முடிவுகள்.

அ. ஜெபஸ்டினிடம் ரகசியமாகச் சொல்லி முன்னாலேயே உரித்துவிடச் சொல்வது. அவன் ஓட்டை வாயன். சாப்பாட்டுப் பந்தியில் வைத்துச் சிரிப்பான்.

ஆ. நானும் கூடப் போய், அவர் அசந்த நேரம் பார்த்து உரிப்பது. நாளைக்குச் சரி. காலமெல்லாம் அவர் பின்னாலேயே போய் உரித்துக்கொண்டிருக்க முடியுமா?

இ. அவரே தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அட மடப்பயலே" என்று தலையில் தட்டிக்கொள்வது. அழகான முடிவு. முருகானந்தம் செய்வார்.

7

உங்களிடம் சொல்லாத ஒன்று பாக்கியிருக்கிறது. என் கதை எதுவும் இவர் படிக்காமல் பத்திரிகைக்குப் போனதில்லை. காப்பியோடு உட்கார்ந்து, உதடு அசைய, ஒரு சொல் விடாமல் படிப்பார். "நல்லாத்தான் இருக்குது" என்பார். அவ்வளவுதான் விமர்சனம். இதையும் திரையில் திறந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகிறேன். அம்மாபேட்டைக்குக் கிளம்பும் முன் படிப்பார்.

மற்றவர்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

ஏனுங்க, அது பேக்கிங் இல்லீங்க. உரிச்சுப்போட்டுத்தான் மாட்டோணும். நீங்க எருமப்பட்டி போயிருந்தப்ப நான்தான் உரிச்சேன். நேர்ல சொல்ல வாய் வரலீங்க. அது ஒண்ணைத் தவிர நீங்க பூட்டுனதெல்லாம் சரி, ஒரு திருகு லூசு இல்ல, நான் பாத்துட்டேன். ஜெபஸ்டினுக்குப் போன் பண்ணி வரலைன்னு மட்டும் சொல்லிராதீங்க, உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். முடிவு எழுத கீழ எடம் உட்டிருக்கறேன். கோவம் வந்தா மொத்தக் கதையையும் அழிச்சுப்போடுங்க. வேற எங்கயும் நான் இத எடுத்து வெக்கலீங்க.