மூன்றில் இரண்டு

மரியஅந்தோணி வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரில் மூன்றில் இரண்டு வாக்குகள் பெற்று இறந்துபோனார்.

இந்த வாக்கு முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் மகன் எலைஜா. அவன் வேலை பார்த்த நிறுவனம் ஒரே தகவலை மூன்று கணினிகளில் வைத்திருந்தது. ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் கூடி முடிவெடுக்கும். இரண்டு ஒப்புக்கொண்டதே உண்மை. வெகுநேரம் சத்தம் காட்டாதது செத்ததாக அர்த்தம். பிழைத்து வந்தால், தன்னிடம் இருப்பதை அழித்துவிட்டு மற்றவை வைத்திருப்பதை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் சண்டை நடந்த கிளமெண்டி வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு என்று மரியஅந்தோணிதான் முதலில் கைதட்டினார். அப்பா, மகன், மகள் மூவரும் தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் வணக்கம் போட்டார்கள். இருவர் சொன்னது நடந்தது. குழம்பில் உப்பு அதிகம் என்று அப்பாவும் மகனும் சொன்னால், மகள் ஜோசபின் வைத்த குழம்பு அந்த நிமிடமே கரித்தது. அவள் விரும்பிய ஸ்ரீநாத் சரிப்பட மாட்டான் என்று இருவரும் சொன்னார்கள். மறுநாள் தேக்கா சந்தையில் எதிரே வந்த ஸ்ரீநாத்துக்கு அவள் பெயர் நினைவில்லை.

வேளாங்கண்ணிக் கடலில் கால் நனைத்தபோது மரியஅந்தோணியின் கைப்பேசி தண்ணீரில் விழுந்தது. வணக்கங்கள் நின்றன. "ரூல்படி அப்பா இல்ல. ஓகேவாக்கா?" என்று எலைஜா குழுவில் கேட்டான். ஜோசபின் சம்மதமென்று கட்டைவிரல் படத்தைப் போட்டாள். கோயிலில் பூசை வைத்தார்கள், படத்துக்கு மாலை போட்டார்கள்.

அவர் புனித எண்ணெய்ப் புட்டியோடு திரும்பியபோது அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி அவருக்குத் திறக்கவில்லை. படியேறினார். பக்கத்து வீட்டு நாகம்மா அவருக்குள்ளே புகுந்து நடந்து குப்பை கொட்டப் போனார். பிள்ளைகள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தார்.

"உசிரோட நிக்கிறேன்டா!"

"தெரியுதுப்பா. ஆனா முடிவாயிடுச்சு லா. ரூல்னா ரூல்னு நீங்கதானே சொல்வீங்க? அக்கா மாத்திச் சொன்னா பார்க்கலாம்."

மரியஅந்தோணி மகள் பக்கம் திரும்பினார். "ஜோசி, நீ ஒருத்தி சொன்னா போதும்மா."

ஜோசபின் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "ஸ்ரீநாத் விஷயத்துல நானும் இதையேதான்பா கேட்டேன். ஒருத்தர் என் பக்கம் சொன்னா போதும்னு."

மூன்றாவது தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். மரியஅந்தோணி புட்டியை மேசை மேல் வைத்துவிட்டு வெகுநேரம் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை நல்ல மாலைதான்.

மறுநாள் காலை, வீட்டில் கிடந்த பழைய கைப்பேசியிலிருந்து அவர் குழுவில் எழுதினார்: "காலை வணக்கம். மரியஅந்தோணிக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே." மூன்றும் ஒத்துப்போனதில் எலைஜாவுக்கு நிம்மதி. ஜோசபின் ஆமென் போட்டாள். அன்று முதல் மின்தூக்கிக்கு அவர் காத்திருப்பதில்லை, படியேறப் பழகிக்கொண்டார்.