லெய்லா கேட்ட பதுவா

யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். முத்தலிபு யானை இல்லை. கற்பிட்டியில் ஒரு பீட்ரூட் தோட்டமும் அதை ஒட்டி ஒரு துண்டுத் தென்னங்காணியும் வைத்திருக்கிற, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற, ஊரில் சண்டை என்றால் கூப்பிட்டு நியாயம் கேட்கிற, அறுபது வயது மனிதர். ஆனாலும் ஒரு மாதமாக அவர் அந்த யானையின் வேலையைத்தான் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு அவர் வீட்டுக்கு வரும்போது மனைவி சித்தி லெய்லா தொழுகைப் பாயில் கையேந்தியபடி இருப்பாள். அவரைக் கண்டதும் அவள் சத்தம் உயரும்.

“யா அல்லாஹ், அந்த வாயில்லாச் சீவனுக்குச் சுடுதண்ணி ஊத்தினவன்ட கை வெளங்காமப் போகணும். அவன் தின்ற சோறு அவன்ட உடம்புல ஒட்டக்கூடா. ஆமீன் சொல்லுங்க.”

“ஆமீன்” என்பார் முத்தலிபு.

ஊற்றியவர் அவர்தான்.

இப்படிச் சாபம் கேட்டு இறைவனிடம் இரப்பதற்கு ஊரில் பதுவா என்று பெயர். அநியாயம் செய்யப்பட்டவருக்காகக் கேட்கும் பதுவா நேரே மேலே போய்ச் சேரும் என்பதில் லெய்லாவுக்குச் சந்தேகமே கிடையாது. முத்தலிபுவுக்கும் கிடையாது. ஆமீன் சொன்ன கையோடு சோற்றில் கை வைப்பார். விரல்கள் மடங்குகின்றனவா என்று திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வார்.

நடந்தது இதுதான். கற்பிட்டிப் பக்கம் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளுக்குக் குறைவில்லை. அன்று விடியத் தோட்டத்துக்குப் போனால் நாலு பாத்தி பீட்ரூட் மொட்டையாகக் கிடந்தது. அது மூன்றாவது தடவை. காவல் கொட்டிலில் தேத்தண்ணிக்காகக் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கோபம் தலைக்கேறியவனுக்குக் கையில் அகப்பட்டதெல்லாம் ஆயுதம். கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தின்ற கழுதைகள் அவரைக் கண்டதும் பறந்துவிட்டன. ஒன்று மட்டும் நின்றது. குழாய் ஒழுகித் தேங்கிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த அது, தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அதன் முதுகில் ஊற்றினார்.

அது ஏன் ஓடவில்லை என்ற கேள்வி பிறகுதான் அவருக்கு வந்தது. மனிதனுக்குப் பயப்பட வேண்டும் என்று அதுவரை அதற்குத் தெரியாது. தெரியவைத்தவர் அவர்.

நாலு நாள் கழித்து, களப்புத் தண்ணீரோரம் பற்றைப் புதருக்குள் அது நிற்பதை லெய்லா கண்டாள். முதுகுத் தோல் உரிந்து புண்ணில் புழு வைத்திருந்தது. யார் யாரையோ கூப்பிட்டு, ஒரு லொறியைப் பிடித்து, அதைத் தென்னங்காணிக்குக் கொண்டுவந்துவிட்டாள். “வேற எங்க விடுற? நம்மட காணிக்குத்தானே நல்ல கம்பி வேலி இருக்கு” என்றாள். மனிதர் வாயைத் திறக்கவில்லை. வேலிப் படலையைத் திறந்துவிட்டார்.

சிலாபத்திலிருந்து மிருக வைத்தியர் அஜித்தா வந்து பார்த்தாள். “இது சுடுதண்ணி, அன்ரி. புண் ஆறிடும். பயம்தான் லேசில ஆறாது. எதால ஊத்தினாங்க, எப்பிடி ஊத்தினாங்க எண்டு தெரிஞ்சா அதுக்கும் ஒரு வழி பார்க்கலாம். ஆனா அத யார் வந்து சொல்லப் போறாங்க?”

முத்தலிபு தென்னையில் எத்தனை குரும்பை இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார். “ஓம், யார் சொல்லுவாங்க” என்றார்.

லெய்லாவுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் காணிக்கு நடுவில் போட்டு, கழுதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கீரை ஆய்வாள். திரும்பிப் பார்க்கமாட்டாள். மீன் விலை, முழங்கால் வலி, மருமகளின் சமையல் என்று தன்பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருப்பாள். அதைக் கழுதை என்று ஒருநாளும் சொன்னதில்லை, “புள்ள” என்பாள். பதினோராம் நாள் புள்ள அவளுடைய கதிரைக்குப் பின்னால் கிடந்த கீரைத்தண்டை எடுத்துத் தின்றது. இருபதாம் நாள் மூக்கை அவள் தோளில் வைத்தது. பேரப்பிள்ளை முதல் அடி வைத்ததுபோல் அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி அழுதாள்.

முத்தலிபு படலையைத் தொட்டாலே போதும், புள்ள காணியின் கடைசி மூலைக்குப் போய்விடும். நின்ற இடத்திலேயே சிறுநீர் போகும். கால் நாலும் நடுங்கும். அதைப் பார்க்கும்போது அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசும்.

“நீங்க அங்கால போங்க” என்பாள் லெய்லா. “ஆம்பிளையளக் கண்டா அதுக்குப் பயம். எனக்கு இஸ்ஹாக்கிலதான் சந்தேகம்.”

இஸ்ஹாக் பக்கத்துத் தோட்டக்காரன்; முத்தலிபுவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன். அவனுடைய மிளகாய்க் கன்றுகளையும் கழுதைகள் உழக்கியிருந்தன. இதுகளுக்கு ஒருநாள் பாடம் படிப்பிப்பேன் என்று கடைவாசலில் நின்று கத்தியும் இருந்தான். கத்துகிறவன்மேல்தானே பழி விழும்.

“அவனா இருக்குமா?” என்று கேட்டாள்.

“இருக்கலாம்” என்றார் முத்தலிபு.

ஒரு சொல்தான். ஊருக்கே நியாயம் சொல்லும் வாயிலிருந்து வந்த சொல். அன்று முதல் பதுவாவில் இஸ்ஹாக்கின் பெயரும் சேர்ந்துகொண்டது. அதற்கும் ஆமீன் சொன்னார். கடையில் இஸ்ஹாக்கின் மனைவி சலாம் சொன்னபோது லெய்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இஸ்ஹாக்கே காணிக்கு வந்துவிட்டான். கை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு லெய்லாவுக்கு முன்னால் நின்றான்.

“அல்லாட மேல சத்தியமா நான் ஊத்தல்ல.”

அவன் முகத்தைப் பார்க்க முத்தலிபுவால் முடியவில்லை. “இரு, இரு, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்” என்று சொல்லித் தோட்டத்துக் கொட்டிலுக்கு நழுவிவிட்டார். தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே நின்றார். இன்னும் கொஞ்சம் கொதித்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

திரும்பி வந்தபோது கண்ட காட்சி இது: புள்ள இஸ்ஹாக்கின் பக்கத்தில் நின்று அவன் உடுத்தியிருந்த சாரத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. லெய்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தலிபு ஒரு கையில் கோப்பைகளும் மறு கையில் கேத்தலுமாகப் படலையைத் தாண்டினார். அந்தக் கேத்தல் மூடியின் குமிழ் எப்போதோ உடைந்து, அதற்குப் பதிலாக ஒரு நட் பூட்டியிருந்தது. நடக்கும்போது அது கிணிங் கிணிங் என்று ஆடும். நெஞ்சு பதறினவனுக்குப் புத்தி எங்கே இருக்கும்? அந்தச் சத்தம் எங்கே கேட்ட சத்தம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

புள்ளைக்கு மறக்கவில்லை. ஒரு கத்துக் கத்தி, பாய்ந்து, நேரே கம்பி வேலியில் போய் மோதியது. நெஞ்சு கிழிந்து இரத்தம் வந்தது. இஸ்ஹாக்கும் லெய்லாவும் ஓடிப்போய்க் கம்பியை விலக்கினார்கள்.

“என்னத்தக் கண்டு வெருண்டிச்சு? பாம்பா?” என்று அலறினாள் லெய்லா.

இஸ்ஹாக் கேத்தலைப் பார்த்தான். பிறகு முத்தலிபுவைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

“தெரியல்ல” என்றான்.

படலைவரை அவனோடு போனார் முத்தலிபு. “நீ கண்டியா?”

“அண்டைக்கே கண்டன், காக்கா. மிளகாய்க்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டன்.”

“ஏன் சொல்லல்ல?”

“உங்கட மானத்த நான் எப்பிடி வாங்குற? நீங்களே சொல்லுவீங்க எண்டு பார்த்துக்கொண்டு இருந்தன்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பார். அவன் மனைவி கடையில் தலைகுனிந்து நின்றதும், இவர் ஆமீன் ஆமீன் என்று சொன்னதும் ஒன்றாகக் கண்முன் வந்தன. திரும்பிப் போய், புள்ளையின் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த லெய்லாவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். கேத்தலைச் சத்தம் வராமல் மணலில் வைத்தார்.

“லெய்லா. இந்தக் கேத்தல்தான். ஊத்தினது நான்தான்.”

அவள் கை நின்றது. பேசியபோது கழுதையைப் பற்றிப் பேசவில்லை.

“நீங்க ஆமீன் சொன்னீங்களே” என்றாள். “இஸ்ஹாக்குட பேரச் சொல்லிக் கேட்டதுக்கும் சொன்னீங்களே.”

“மாப்புத் தா லெய்லா, என்ன மன்னிச்சிரு. கேட்ட பதுவாவ…”

“என்னட்டக் கேக்காதீங்க. மாப்புக் குடுக்க வேண்டிய ஆள் நானில்ல.” தாடையால் புள்ளையைக் காட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இஸ்ஹாக்கின் மனைவியைத் தேடி வேகமாக நடந்தாள்.

அடுத்த ஜும்ஆவில், தொழுகை முடிந்து சனம் எழும்புவதற்கு முன், முத்தலிபு எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். நிர்வாகத்திலிருந்து விலகுவதாகவும் சொன்னார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது அஜித்தாவுக்கு வழி தெரிந்துவிட்டது. போனில் சொன்னாள்: “அதே கேத்தல்தான் வேணும், அங்கிள். ஒளிச்சு வைக்காதீங்க. மூடி இல்லாம, வெறுமையா, தூரத்தில வையுங்க. பக்கத்தில சாப்பாடு வையுங்க. அது கிட்ட வந்தா வரட்டும். நீங்க போகாதீங்க.”

லெய்லாவின் கதிரையில் முத்தலிபு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஊரே தன்னைப் பார்த்துக் கதைக்கவேண்டும் என்று இருந்த மனிதருக்கு அது லேசான வேலையாக இருக்கவில்லை. என்ன கதைப்பது என்றும் தெரியவில்லை. மீன் விலை அவருக்குத் தெரியாது. அதனால் உள்ளதைச் சொன்னார். “நான்தான் ஊத்தினன், புள்ள. நீ தின்னவும் இல்ல. தண்ணிதான் குடிச்ச.” தினமும் இதையே சொன்னார். பின்னால் எந்தச் சத்தமும் வராது. சில நாள் சொல்லிவிட்டு அப்படியே அழுதுகொண்டிருப்பார்.

பதினைந்து நாள் கேத்தலுக்குப் பக்கத்தில் வைத்த பீட்ரூட் அப்படியே வாடியது. பதினாறாம் நாள் காணவில்லை. பிறகு கேத்தல் கதிரைக்குக் கிட்ட வந்தது. பிறகு மூடி வந்தது. முதல் கிணிங்கில் புள்ள மூலைக்கு ஓடியது. அதற்குப் பிறகு பாதித் தூரம். அதற்கும் பிறகு காதை மட்டும் திருப்பியது. மஃரிபில் லெய்லா கையேந்துவாள். உதடு மட்டும் அசையும். என்ன கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்கத் துணிவும் இல்லை.

ஒருநாள் பின்னேரம் கேத்தலில் பச்சைத்தண்ணீரைக் கொண்டுவந்து, காலடியில் இருந்த பிளாஸ்டிக் பேசினில் ஊற்றினார். முதுகுக்குப் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அவருடைய முழங்கையைத் தாண்டி ஒரு நீளமான முகம் வந்து பேசினில் குனிந்தது. கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கிக்கொண்டே குடித்தது. குடித்து முடித்து, ஈர மூக்கை அவர் வலது கையில், கேத்தலைப் பிடித்திருந்த கையில், வைத்து மோந்தது.

கடித்திருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அது கடிக்கவில்லை.

லெய்லா படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குப் போனாள்.

அன்று மஃரிபு தொழுதுவிட்டு அவர் வந்தபோது அவள் பாயில் இருந்தாள். அவரைக் கண்டதும், நாற்பது நாளுக்குப் பிறகு, சத்தம் உயர்ந்தது.

“யா அல்லாஹ், நான் கேட்டத நீ கேக்காத மாதிரி விட்டிரு. இந்த மனிசன்ட கைக்கு ஒரு குறையும் வரக்கூடா. ஆமீன் சொல்லுங்க.”

முத்தலிபு வாயைத் திறந்தார். அத்தனை பதுவாவுக்கும் கூசாமல் வந்த சொல், இந்த ஒன்றுக்கு வரவில்லை. புள்ளையின் மூக்கு பட்ட இடம் கையில் இன்னும் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது. லெய்லா ஏந்திய கையை இறக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.