இருபதாவது தட்டு

...இல்லை, அசைந்திருக்காது, கண் அசதி, ஏழு வருஷமாக ஒரே நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்துக்கொண்டிருந்தால் கிடக்கிற புழுவும் ஆடத்தான் செய்யும், என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு அவள் மறுபடி குனிந்தாள், அசைந்தது. அசைந்தது மட்டுமா, தொண்டை துடிக்கிறது, தின்கிறது பாவி, இது தின்னவே கூடாதே! ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஜீவன், கூட்டம் அதிகம், சாப்பாடு குறைவு என்று மோப்பம் பிடித்துவிட்டால் வாயை இறுக மூடிக்கொண்டு, வளராமல் சாகாமல் மாசக்கணக்கில் கிடக்கும். சாப்பாடு வந்தால் உடம்புக்குள் 'வளர்' என்று ஒரு சமிக்ஞை ஓடும், வாய் திறக்கும். இவளுடைய புழுக்களில் அந்தச் சமிக்ஞை ஓடும் வழியில் ஒரு மரபணு பழுது, உணவைக் கொட்டினாலும் வாய் திறக்காது, ஒருக்காலும் திறக்காது, அதுதான் இவளுடைய ஆய்வேடு, இருநூற்றுப் பத்துப் பக்கம், வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும், இன்று புதன்.

புழு வளர்க்கிற கண்ணாடித் தட்டு எல்லாம் எப்போதும் இருபத்தைந்து டிகிரிப் பெட்டிக்குள்தான், முதல் நாள் ஆய்வு வழிகாட்டி சார் சொன்னது, ஏன் என்று இவளும் கேட்டதில்லை, சாரிடம் யார் கேட்பார்கள்... நேற்று எண்ணி முடித்து உள்ளே வைக்கும்போது இந்த ஒன்று மட்டும் ஜன்னலோரம் நின்றுவிட்டது, மறதி, ராத்திரி குளிர் பட்டிருக்கிறது, விழித்துக்கொண்டன. அப்படியென்றால் மரபணுப் பழுது மட்டுமில்லை, பெட்டியின் சூடுதான் வாயைக் கட்டியதா? அடிமடியிலேயே கை வைத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி செய்ய இன்னும் இரண்டு வருஷம், இதே நாற்காலி, சாமான் ஏற்றிப்போகச் சனிக்கிழமைக்கு வேன் சொல்லிவைத்திருக்கிற கணவனிடம் என்னவென்று சொல்வது, மூன்று வருஷமாக அவன் ஒரு ஊர் இவள் ஒரு ஊர். பக்கத்து மேசையில் பழ ஈக்களோடு மல்லுக்கட்டுகிறவர், எல்லாருக்கும் ஈ அண்ணன், எட்டிப் பார்த்துவிட்டு, “வேற புழு ஏறியிருக்கும்மா, தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு” என்றார். நல்ல மனுஷன். வேறு புழுவாகவே இருக்கட்டும்... இவளுடையது என்றால் நீல விளக்கில் தொண்டை பச்சையாக ஒளிரும், அதற்கென்று இவளே வைத்த அடையாளம், சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, போடாவிட்டால் தெரியப்போவதில்லை. குப்பைத்தொட்டியும் அதே தூரம்தான்.

சார் கதவில் தலையை மட்டும் நீட்டி எண்ணியாச்சா என்று கேட்டார், அவளுடைய வாய் பழக்கத்தில் சரி சார் என்றது, கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை, அவர் கவனிக்காமல் போய்விட்டார். எழுதித்தானே ஆகவேண்டும், நோட்டை இழுத்தாள், தட்டுகள் இருபது, விழித்தவை... பேனா நின்றது. மேல் வரியில் நேற்றைய தேதி, அவளுடைய கையெழுத்துதான், அவசரமோ தடுமாற்றமோ இல்லாத குண்டு எழுத்து: பெட்டிக்குள் பத்தொன்பது.

இருபதை எண்ணி, பத்தொன்பதை உள்ளே வைத்து, பத்தொன்பது என்றே எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்... அப்புறம் எது மறதி? ஏழு வருஷத்தில் சாரிடம் கேட்காத ஒரு கேள்வியை, தன்னிடம்கூடச் சொல்லாமல், ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனவள் யார்? தட்டுக்குள் புழு தின்றுகொண்டிருந்தது. அவளுடைய விரல் நீல விளக்கின் சுவிட்ச் மேல் இருந்தது, எப்போது அங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.