வரி ஏறிய வீடு

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில், வீட்டு வரி ஏறப்போகிறது என்று முதலியார்பேட்டையில் தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போன மறுநாள், வரி நிஜமாகவே ஏறியது. கன்னியம்மாள் வீட்டுச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நாலு பக்கமும் நீலமாக ஒரு கோடு ஓடியிருந்தது. ஓதம் என்று நினைத்துச் சுண்ணாம்பு அடித்தாள். காய்ந்ததும் கோடு மறுபடி வந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

வரி எதற்கென்றால், விளையாட்டு மைதானத்துக்கு. முசே என்று ஊர் மரியாதையாகக் கூப்பிடும் கலியபெருமாளிடம் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. ஊரில் பாதிச் சாராயக்கடையும் கடற்கரைப் பக்கம் லாட்ஜுகளும் வைத்திருந்த மனுஷன், தன் பையன்கள் ஆட ஒரு மைதானம் கட்ட வக்கில்லாதவராம். ஊர்தான் கட்டித்தர வேண்டுமாம். எல்லாம் ஊருக்குப் பெருமை என்று மேடையில் பேசினார்கள். கன்னியம்மாளுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

"பெரும அவனுக்கு, பில்லு மட்டும் நம்ம வூட்டுக்கா? இதுல என்னமோ இருக்குது," என்றாள் பக்கத்து வீட்டுச் சூசைமேரியிடம்.

"சும்மா இருடி. உனக்கு எதுலதான் சந்தேகமில்ல?" என்று சூசைமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

புருஷன் பக்கிரி, மில்லில் பஞ்சுத் தூசி நெஞ்சடைத்துச் செத்தபோது வந்த பணத்தில் எழுப்பிய ஓட்டு வீடு அது. அது போனால் கன்னியம்மாள் தெருவில்தான். அதனால் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, வரியை ஒழுங்காகக் கட்டினாள். கட்டக் கட்ட ஏறியது.

கோடு முழங்கால் உயரம் வந்ததும், அதற்குக் கீழே வைத்த சாமான்கள் காணாமல் போயின. முதலில் முக்காலி, பிறகு அம்மி. அம்மியைத் தூக்கிக்கொண்டு எந்தத் திருடன் ஓடுவான்? கன்னியம்மாள் நேரே மைதானத்துக்குப் போய்ப் பார்த்தாள். அம்மி கேலரியில் ஒரு படியாகப் பதிந்திருந்தது, மிளகாய் வாசனை கூடப் போகவில்லை. முக்காலியில் முசே உட்கார்ந்திருந்தார்.

"அது என் அம்மி," என்றாள்.

"படிம்மா அது. வேணும்னா டிக்கெட்டு வாங்கிக்கினு வந்து உக்காரு," என்றார் அவர், சிரிக்காமல். பாவி!

அதன்பின் தெரு ஜனம் உயர உயர வாழப் பழகிற்று. பரணில் சமைத்தார்கள், விட்டத்தில் படுத்தார்கள், சூசைமேரி ஏணியில் நின்று செபமாலை சொன்னாள். குழு தோற்றால் கேலரியை உயர்த்த வரி, ஜெயித்தால் விளக்குப் போட வரி. எண்பத்து மூன்றில் கோடு கூரை ஓட்டைத் தொட்டது. கன்னியம்மாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்தாள். "வூட்ட எடுத்துக்கினு போனா என்னையும் சேத்து எடுத்துக்கினு போவட்டும்!" என்று கத்தினாள். அப்படியே எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் காலையில் அவளும் அடுப்பும் கேலரியில் இருந்தார்கள். முதலியார்பேட்டையில் வெறும் மனை கிடந்தது.

இறக்கிவிட ஆள் வந்தது, அவள் நகரவில்லை. ஆட்டம் ஒரு பக்கம் நடக்கும், அவள் ஒரு பக்கம் சோறு வடிப்பாள். வெளியூர்க் குழுக்கள் முதலில் வாயைப் பிளந்து பார்த்தன, பிறகு இடைவேளையில் அவளிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தன. சூசைமேரியும் இரண்டு படி தள்ளிக் குடிவந்தாள்.

அடுத்த வருஷம் பில் கலெக்டர் படியேறி வந்து இரண்டு சீட்டு நீட்டினார். ஒன்று காலி மனைக்கு வரி, மற்றது கேலரிக் குடியிருப்புக்கு வரி. இரண்டு சொத்து உள்ளவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது என்றும் சொன்னார். கன்னியம்மாள் கீழே முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த முசேயைக் காட்டினாள்.

"அவருக்கு எவ்ளோ?"

"அவருக்கு ஏம்மா வரி? இங்க அவர் பேர்ல ஒண்ணுமில்லியே. எல்லாம் ஊரு சொத்து," என்றார் பில் கலெக்டர்.

மைதானத்தில் விசில் ஊதினார்கள். கன்னியம்மாள் உலையில் அரிசியைப் போட்டாள்.